ஊரைக் கேட்காத ஏலம்

2023 ஜூலை 26 அன்று கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், பயிர் நின்ற வயலுக்குள் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. பரவனாற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டுவதற்காக நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் நடத்தும் பொதுத்துறை நிறுவனமான என்.எல்.சி. போலீஸ் காவலோடு தொடங்கிய வேலை அது. இரண்டு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்திருக்கக்கூடிய நெல், வேரோடும் சேற்றோடும் புரட்டிப் போடப்பட்டது. அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் வந்தது என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் விசாரணையின்போதே சொன்னார். பிறகு வந்த உத்தரவில், அழிக்கப்பட்ட பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தர வேண்டும் என்றும், மிச்சமிருந்த பயிரைச் செப்டம்பர் 15க்குள் அறுத்துக்கொண்டு விவசாயிகள் நிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. நிலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்படி கையகப்படுத்திவிட்டோம் என்பது நிறுவனத்தின் வாதம். காகிதத்தில் அந்த வாதத்துக்கு மறுப்பு இல்லை.

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து, 2025 ஜனவரி 23 அன்று, மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் விடப்பட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. ஏலம் எடுத்திருந்தது வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஹிந்துஸ்தான் ஜிங்க். இரண்டரை மாதப் போராட்டத்தில் ஒரு பிடி மண்ணும் வெட்டப்படாமல் அந்தத் திட்டம் திரும்பிப் போனது.

ஒரே மாநிலத்தில் நெல் விளைவிக்கும் இரண்டு கூட்டத்தாரில் ஒரு கூட்டம் தோற்றது, மற்றொன்று வென்றது. மேலூர்க்காரர்களுக்கு வீரம் கூடுதல் என்றோ, கடலூர்க்காரர்களுக்கு ஒற்றுமை குறைவு என்றோ இதற்குக் காரணம் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் சுரங்கத்துக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கும் எதிராக உழவர்கள் நடத்திய போராட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. நிலம் கைமாறுவதற்கு முன் ஊர் எழுந்து நின்ற இடங்களில் திட்டம் பின்வாங்கியது. கைமாறிய பிறகு எழுந்த இடங்களில் போராட்டம் இழப்பீட்டுத் தொகைக்கான பேரமாகச் சுருங்கியது. அந்த முன் நேரத்தில் ஊரின் குரலைக் கேட்க நம் சட்டத்தில் கட்டாயமான இடம் இல்லை என்பதுதான் இந்தப் பிரச்சினையின் வேர்.

நெய்வேலி: கொடுத்தவர்கள் கண்டது

நெய்வேலியின் தொடக்கம் வலுக்கட்டாயமாக நடந்ததல்ல. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது தென்பட்ட கரிய துகள்கள்தான் அங்கு பழுப்பு நிலக்கரி இருப்பதைக் காட்டின என்பது பரவலாக அறியப்பட்ட வரலாறு. 1956இல் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். புதிய நாட்டுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. சுற்றுவட்டார ஊர்கள் நிலத்தைக் கொடுத்தன, நெய்வேலி மின்சாரத்தால் தமிழ்நாட்டின் ஆலைகள் ஓடின. அந்தப் பங்களிப்பை மறைத்து இந்த வரலாற்றை எழுத முடியாது.

கொடுத்தவர்களுக்கு என்ன ஆனது என்பதை அறிய, திறந்தவெளிச் சுரங்கம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்துக்கு மேலே பல பத்து மீட்டர் உயரத்துக்கு மண் கிடக்கிறது. ஒரு டன் நிலக்கரி எடுக்க அதைப்போலப் பல மடங்கு மண்ணை வெட்டி வேறிடத்தில் மலையாகக் குவிக்க வேண்டும். படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர் இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் நீர் சுரங்கத்தின் அடித்தளத்தை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். ஆகவே சுரங்கம் இயங்கும் காலம் முழுவதும் இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுரங்கத்துக்கு நிலம் கொடுக்காத பக்கத்து ஊர்க்காரரின் கிணறும் இதனால் பாதிக்கப்படுகிறது என்பது அப்பகுதி விவசாயிகளின் நீண்டகாலப் புகார். நிலத்துக்கு இழப்பீடு கணக்கிடும் வருவாய்த் துறைப் பதிவேட்டில் இந்த நீருக்கு ஒரு பத்தியும் கிடையாது.

கைமாறிய நிலத்தின் நிலை இன்னொரு சிக்கல். கையகப்படுத்திய நிலத்தை நிறுவனம் உடனே தோண்டுவதில்லை. சுரங்கத்தின் விளிம்பு நகர்ந்து அங்கே வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை பழைய சொந்தக்காரரே உழுது விதைக்கிறார். அவருக்கு அது அப்பனும் பாட்டனும் உழுத நிலம், ஆவணப்படி அது நிறுவனத்தின் சொத்து. வாக்களித்த நிரந்தர வேலை கிடைக்கவில்லை, கிடைத்தது ஒப்பந்தக் கூலி வேலைதான், பழைய விலைக்குக் கொடுத்தவருக்கும் புதிய விலைக்குக் கொடுத்தவருக்கும் இடையே பெரிய வித்தியாசம் என்ற மனக்குறைகள் ஆண்டாண்டாகச் சேர்கின்றன. வளையமாதேவியில் வெடித்தது இந்தச் சேர்மானம்.

அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் நடந்தது இதைவிட விசித்திரமானது. 1990களின் நடுவில் மாநில அரசின் டிட்கோ நிறுவனம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காகப் பதின்மூன்று ஊர்களில் 8,000 ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தியது. கால் நூற்றாண்டு கடந்தும் சுரங்கம் வரவில்லை, மின் நிலையமும் வரவில்லை. விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாத நிலத்தோடும், கூடுதல் இழப்பீட்டு வழக்குகளோடும் ஒரு தலைமுறை கழிந்தது. கடைசியில் நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. தோண்டாமலேயே ஊர்களை முடக்க முடியும் என்பதற்கு ஜெயங்கொண்டம் சாட்சி.

காவிரி டெல்டா: நீரைப் பற்றிய அச்சம்

நெய்வேலியைப் பார்த்து வளர்ந்தவர்கள் பக்கத்து மாவட்டக்காரர்கள். 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு மத்திய அரசு உரிமம் கொடுத்தது. 2011 ஜனவரியில் மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அப்போது பெரும்பாலான ஊர்களுக்குச் செய்தியே தெரியாது.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் அவரோடு சென்றவர்களும் செய்தது, திட்டத்தை உழவர் மொழியில் விளக்கியதுதான். நிலக்கரிப் படிவத்தில் மீத்தேனைப் பிடித்துவைத்திருப்பது நீரின் அழுத்தம். வாயு வெளியேற வேண்டுமானால் முதலில் அந்த நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். மேட்டூர் திறக்காத ஆண்டுகளில் போர் தண்ணீரை நம்பிக் குறுவை போடும் விவசாயிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடலை ஒட்டிய சமவெளியில் நிலத்தடி நீர் இறங்கினால் உப்புநீர் உள்ளே ஏறும் என்பதையும் நாகப்பட்டினத்துக்காரர்கள் அனுபவத்தில் அறிவார்கள். அந்தப் பரப்புரை நடந்துகொண்டிருந்தபோதே, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் நம்மாழ்வார் இறந்தார். அதே ஆண்டில் திட்டத்தை நிறுத்திவைத்து மாநில அரசு அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கையை ஏற்று, 2015 அக்டோபரில் அனுமதி மறுக்கப்பட்டது.

2017 பிப்ரவரி 15 அன்று நாடு முழுவதும் சிறு எண்ணெய், எரிவாயு வயல்களைத் தனியாருக்குக் கொடுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, பட்டியலில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் இருந்தது. மறுநாளே ஊர் திரண்டது. நெடுவாசல் காவிரி வாய்க்கால் பாயும் ஊர் அல்ல. பலா, தென்னை, வாழை, பூ என்று அந்த வட்டாரம் முழுவதும் ஆழ்துளைக் கிணற்றால் வாழ்கிறது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு மாதமே ஆகியிருந்த நேரம், மாநிலம் முழுவதிலிருந்தும் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். பந்தலில் பெரும்பகுதி பெண்கள். உரிமம் பெற்ற நிறுவனத்தால் அங்கே வேலையைத் தொடங்கவே முடியவில்லை.

அதே ஆண்டு ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் குழாயிலிருந்து வயலில் எண்ணெய் கசிந்தது. கேட்கப் போன ஊர் மக்கள் மீது தடியடி நடந்தது. மீத்தேன் எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டார்கள். சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது, உயர் நீதிமன்றம் அதைப் பின்னர் ரத்து செய்தது. மீத்தேன் போன்ற திட்டங்களுக்கு எதிராகப் போராடியவர்கள் மீதான வழக்குகள் 2021இல்தான் திரும்பப் பெறப்பட்டன. வென்ற போராட்டங்களுக்கும் விலை இருந்தது.

2020 ஜனவரியில், நிலப்பகுதியில் எண்ணெய் ஆய்வுக் கிணறு தோண்ட மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதியைத் திருத்தியது. டெல்டாவில் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, அடுத்த மாதமே தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் அதில் அடங்கின. நெடுவாசல் இருக்கும் திருவரங்குளம் ஒன்றியமும் அவற்றில் ஒன்று. உழவர் போராட்டம் ஒரு சட்டமாக முடிந்தது பெரிய சாதனை.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் உண்டு. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை. திருச்சி, அரியலூர், கரூர் வெளியே நின்றன. நிறைவேறியபோது தடைப் பட்டியலில் எண்ணெயும் எரிவாயுவும் இருந்தன, நிலக்கரிச் சுரங்கம் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. 2023இல் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி ஆகிய மூன்று நிலக்கரித் தொகுதிகளை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தபோது அந்தக் குறை அம்பலமானது. கட்சி வேறுபாடின்றிச் சட்டமன்றமே எதிர்த்த பிறகு, ஏப்ரல் 8 அன்று மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

மேலூர்: மலையும் கண்மாயும்

மேலூர் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரின் கடைமடை. ஒருபோக நஞ்சைக்குக் கால்வாய் வரும், வராத காலத்தில் கண்மாய்தான் கதி. கண்மாய்க்கு நீர் தருவது குன்றுகள். அரிட்டாபட்டியைச் சூழ்ந்த ஏழு குன்றுகளில் விழும் மழை பாறை இடுக்குகளில் ஊறி, சுனைகளாகக் கசிந்து, ஓடைகளில் இறங்கிக் கண்மாய்களை நிரப்புகிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தபோது, 72 ஏரிகளும் 200 இயற்கைச் சுனைகளும் இந்தக் குன்றுகளால் நீர் பெறுவதாகக் குறிப்பிட்டது. லகர் வல்லூறு முதலான அரிய பறவைகள் அங்கே வாழ்கின்றன. கழிஞ்சமலையில் ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த தமிழிக் கல்வெட்டும் சமணச் சிற்பமும் இருக்கின்றன, அருகிலேயே பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் இருக்கிறது.

2024 நவம்பர் 7 அன்று வெளியான ஏல முடிவில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் பரப்பு 2,015 ஹெக்டேர். மரபுத் தலம் அதற்குள் அடங்கியது. அதோடு அ.வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி, தெற்குத்தெரு என்று பல ஊர்களும் அந்தக் கோட்டுக்குள் வந்தன. தங்கள் வீடும் வயலும் ஏலம் போன செய்தியை அந்த ஊர்கள் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டன.

நவம்பர் 23 அன்று கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தும் வண்டிகளிலும் வந்தார்கள், மேலூரில் கடைகள் அடைத்துக் கிடந்தன. போராட்டம் இவ்வளவு விரைவில் திரண்டதற்கு மேலூரின் முந்தைய அனுபவமும் காரணம். கிரானைட் குவாரிகள் குன்றுகளைத் தின்று கண்மாய்களை மூடியதை அந்த மக்கள் கண்ணெதிரே பார்த்தவர்கள். 2012இல் மதுரை ஆட்சியர் உ.சகாயம் அந்தக் குவாரி முறைகேட்டால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பை 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டு அரசுக்கு எழுதியதும், பின்னர் உயர் நீதிமன்றமே அவரை விசாரணைக்கு நியமித்ததும் ஊரறிந்த செய்தி.

இந்த ஏலத்துக்கு யார் பொறுப்பு என்பதில் இரு அரசுகளும் மோதிக்கொண்டன. ஏல உரிமையை மத்திய அரசு எடுத்துக்கொள்வதை 2023 அக்டோபரிலேயே எதிர்த்து எழுதியதாக மாநிலம் சொன்னது. ஏல நடைமுறை நடந்த மாதங்களில் மாநிலம் ஆட்சேபிக்கவில்லை என்று மத்திய அமைச்சகம் சொன்னது. அந்தக் கடிதப் போக்குவரத்தில் எந்த இடத்திலும் ஊர் ஒரு தரப்பாக வரவில்லை. அதுதான் உண்மையான குற்றச்சாட்டு.

சட்டம் யாரைக் கேட்கச் சொல்கிறது?

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் தனியார் திட்டத்துக்குப் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் சம்மதமும், அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 விழுக்காட்டினரின் சம்மதமும் வேண்டும் என்கிறது. அரசு தனக்காக எடுக்கும்போது சம்மதம் தேவையில்லை. பாசன வசதியுள்ள பலபோக நிலத்தைக் கடைசி வழியாக மட்டுமே எடுக்கலாம் என்றும், எடுத்த நிலம் ஐந்தாண்டு பயன்படாமல் கிடந்தால் உரியவரிடமோ அரசின் நில வங்கியிடமோ திரும்ப வேண்டும் என்றும் அதில் பிரிவுகள் உண்டு. தமிழ்நாடு 2014இல் 105ஏ பிரிவைச் சேர்த்து, தொழிற்சாலைகளுக்கான 1997 சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களை இதிலிருந்து விலக்கிக்கொண்டது. உயர் நீதிமன்றம் 2019இல் அதைச் செல்லாது என்றது. மாநிலம் உடனே புதுச் சட்டம் போட்டு அவற்றை உயிர்ப்பித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. டெல்லியின் மீது பழி போடும் தமிழ்நாட்டுக் கட்சிகள் இந்த இடத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டவை.

கனிமச் சட்டம் இன்னும் கடினமானது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குத்தகை பெற்றவர் நிலத்துக்குள் நுழையலாம், மேற்பரப்புக்கு உரியவருக்கு ஆண்டு இழப்பீடு தந்தால் போதும். 2023 திருத்தம் டங்ஸ்டன் உட்பட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் உரிமையை மத்திய அரசின் கையில் கொடுத்தது. 2025 செப்டம்பரில், இத்தகைய கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. மேலூர் வென்ற எட்டே மாதத்துக்குள், இன்னொரு மேலூர் வாய் திறக்கக்கூடிய சட்டபூர்வமான ஒரே கூட்டமும் இல்லாமல் போனது.

ஒடிசாவின் நியம்கிரி வேறு வழியைக் காட்டுகிறது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அந்த மலையில் பாக்சைட் எடுப்பது பற்றிக் கிராம சபைகளைக் கேட்க உத்தரவிட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன, சுரங்கம் கைவிடப்பட்டது. அங்கே டோங்ரியா கோந்து மக்களுக்குத் துணை நின்றது வன உரிமைச் சட்டம். சமவெளியில் பட்டா வைத்திருக்கும் உழவருக்கு அப்படிப்பட்ட சட்டம் இல்லை. அவருடைய கிராம சபைத் தீர்மானம் ஒரு வேண்டுகோள் மட்டுமே.

நாட்டுக்குக் கனிமம் வேண்டாமா?

இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாமல் நகர முடியாது. டங்ஸ்டன் வெட்டுக்கருவிகளுக்கும் பாதுகாப்புத் தளவாடங்களுக்கும் தேவை. உலக உற்பத்தியில் பெரும்பகுதி சீனாவின் கையில் இருக்கிறது, இந்தியா இறக்குமதியை நம்பியிருக்கிறது. மின்சாரமும் எரிவாயுவும் எல்லாருக்கும் வேண்டும். போராடும் ஊரிலும் போர் மோட்டார் ஓடுவது மின்சாரத்தால்தான்.

தேவை உண்மையானது என்பதாலேயே எந்த இடத்தில் எடுத்தாலும் சரி என்றாகிவிடாது. ஒரு தொகுதியை ஏலத்துக்கு வைப்பவர்கள் தாதுவின் அளவையும் விலையையும் கணக்கிடுகிறார்கள். அதற்கு எதிரே எழுதப்பட வேண்டியவை கண்மாய்கள், ஆண்டாண்டு விளைச்சல், சுற்றியுள்ள ஊர்களின் குடிநீர். சுரங்கம் சில பத்தாண்டுகளில் தீர்ந்துபோகும், கண்மாய்ப் பாசனம் பல நூற்றாண்டு ஓடியது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகு எடுக்கும் முடிவைத்தான் நாட்டு நலன் என்று சொல்ல முடியும். நாயக்கர்பட்டியில் மரபுத் தலம் இருப்பதே ஏலம் முடிந்த பிறகுதான் பொது விவாதத்துக்கு வந்தது. டிசம்பர் 24 அன்று தொகுதியை மறுஆய்வு செய்யும்படி மத்திய அமைச்சகமே புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொண்டது. முதலிலேயே ஊரைக் கேட்டிருந்தால் ஏலம் எடுத்த நிறுவனத்துக்கும் நேர விரயம் இருந்திருக்காது.

பட்டா இல்லாதவர்கள்

உழவர் போராட்டம் என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் நிலம் உள்ளவரையே நினைக்கிறோம். இழப்பீடு பட்டாவின் பெயரில் வருகிறது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், புறம்போக்கில் ஆடு மேய்ப்பவர் ஆகியோருக்கு வயல் போனால் வாழ்க்கையே போகிறது, கையில் எதுவும் வருவதில்லை. மூன்றாண்டு அந்த நிலத்தில் வேலை செய்த கூலியாளும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று 2013 சட்டம் ஏற்கிறது. ஆனால் கூலி வேலைக்கு யாரிடம் ரசீது இருக்கும்? அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போராட்டக் குழுக்களும் இதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அம்பலக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடி முடிவெடுக்கும்போது ஒற்றுமை வேகமாக வருகிறது, சேரியின் குரல் அங்கே எந்த அளவுக்குக் கேட்கிறது என்பது வேறு கேள்வி. நிறுவனங்கள் ஊரைப் பிளப்பது இந்த விரிசலில்தான். நிலம் இல்லாதவருக்கு வேலை தருவதாகச் சொன்னால் அவருக்கு மறுக்கக் காரணம் இருக்காது. அவரையும் சேர்த்துக்கொண்ட ஊர்தான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

செய்ய வேண்டியது

வென்ற ஊர்கள் எல்லாம் தெருவில் இறங்கி வென்றவை. தேர்தல் நெருங்கியிருந்ததும், ஊடக வெளிச்சம் கிடைத்ததும், எல்லாக் கட்சிகளும் கூட வந்ததும் உதவின. இவை எல்லா ஊருக்கும் வாய்க்காது. 2025இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருபது ஆய்வுக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையமே ஓ.என்.ஜி.சி.க்கு அனுமதி கொடுத்ததும், எதிர்ப்பு எழுந்த பிறகு அதைத் திரும்பப் பெறும்படி அரசு சொன்னதும் இதே கதையின் மறுபதிப்பு. ஒவ்வொரு முறையும் வேலையைப் போட்டுவிட்டு, வழக்கு வாங்கிக்கொண்டு, சாலையில் உட்கார்ந்துதான் ஓர் ஊர் தன் நிலத்தைக் காக்க வேண்டும் என்றால் அது சட்டத்தின் ஆட்சி ஆகாது.

ஆகவே கோரிக்கை எளிமையானது. எந்தக் கனிமத் தொகுதியையும் ஏலப் பட்டியலில் சேர்க்கும் முன், அதன் எல்லை புல எண் வாரியாகத் தமிழில் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒட்டப்பட வேண்டும். கிராம சபை கூடி, பட்டா உள்ளவரும் இல்லாதவரும் வாக்களித்து, மறுத்தால் அந்தத் தொகுதி ஏலத்துக்குப் போகக் கூடாது. பொதுத்துறை நிறுவனத்துக்கும் இந்த விதி பொருந்த வேண்டும். நீக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் திரும்ப வேண்டும். இவற்றில் மத்திய அரசின் கையில் உள்ளவற்றை வலியுறுத்தும் மாநிலம், தன் கையில் உள்ளதை உடனே செய்யலாம். வேளாண் மண்டலச் சட்டத்தின் பட்டியலில் நிலக்கரியையும் பிற கனிமங்களையும் சேர்ப்பதும், மேலூர், ராமநாதபுரம் போன்ற கண்மாய்ப் பாசன வட்டாரங்களுக்கு அந்தச் சட்டத்தை விரிப்பதும், 1997 சட்டத்தில் ஊரின் சம்மதத்தைக் கட்டாயமாக்குவதும் சட்டமன்றம் நினைத்தால் முடியும்.

மேலூருக்காகவும் வடசேரிக்காகவும் ஒரே குரலில் பேசிய சட்டமன்றம் அது. கண்டனத் தீர்மானத்துக்குக் கிடைத்த ஒருமித்த வாக்கு இந்தத் திருத்தங்களுக்கும் கிடைக்கிறதா என்பதில்தான் உழவர் பக்கம் நிற்பதாகச் சொல்லும் ஒவ்வொரு கட்சியின் சொல்லும் சோதிக்கப்படும்.